அரிசி வேக வைத்தவள்

புழுங்கல் அரிசியைக் குழையாமல் வேக வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முக்கால் வேக்காட்டில் இறக்கி, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்பி ஆற விட்டால் போதும். பருக்கை பருக்கையாக நிற்கும். எங்கள் விருதுநகர்ப் பக்கம் எந்தச் சமையல்காரரைக் கேட்டாலும் சொல்வார். டெல்லி ரேஷனில் போடுகிற பச்சரிசி அப்படி நிற்காது. பாட்டிலுக்குள் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும். களிக்குள் காற்றுப் போகாது, காற்றுப் போகாவிட்டால் பூஞ்சை வளராது. எல்லாம் இந்தச் சின்ன விஷயத்தில்தான் ஆரம்பித்தது, லட்சுமணன் சார். அதனால் நானும் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை, யாருக்கும் என்மேல் சந்தேகமும் இல்லை. இங்கே இருக்கிற இன்ஸ்பெக்டர் நான் சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு, "பெஹன்ஜி, கர் ஜாயியே" என்று வீட்டுக்குப் போகச் சொன்னார். மதராஸிப் பெண்ணுக்கு வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். அப்புறம்தான் தமிழ் தெரிந்த அதிகாரி என்று உங்களை வரவழைத்தார்கள். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து, "தமிழ்லயே எழுதிக் குடுங்கம்மா, ஒரு அவசரமும் இல்ல" என்றீர்கள். அவசரம் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் பூஞ்சை இருக்கிற குழாய்களையெல்லாம் ஆட்டோகிளேவ் நீராவியில் வைத்து அவிக்கப் போகிறார்கள். அதை நிறுத்தத்தான் வந்தேன்.

டாக்டர் சிவஞானத்தின் மகள் செல்வியைக் கொன்றது அந்தப் பூஞ்சை இல்லை. அது உண்ணியைக் கொல்லும், மனிதரை ஒன்றும் செய்யாது. நம் உடம்புச் சூட்டில் அது வளரவே வளராது. நானே எத்தனையோ நாள் அதன் பொடியை மூக்கிலும் முடியிலும் அப்பிக்கொண்டு கிட்வாய் நகர் பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறேன், எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் மாற்றாமல் எழுதுங்கள்.

என் பெயர் பூங்கோதை. எம்.எஸ்ஸி. தாவரவியல். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கால்நடை ஆய்வுக்கூடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், அதுவும் அட்ஹாக். அதாவது, எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம் என்கிற வேலை. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே டாக்டர் சிவஞானம்தான். "நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணு, பாவம்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். அவருக்குத் தஞ்சாவூர், எனக்கு விருதுநகர். டெல்லியில் இரண்டும் ஒரே ஊர்தான். மனிதர் தங்கமானவர். கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவார், அதட்டிப் பேச மாட்டார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அவரை வெறுப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

மாட்டு உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்சிக் கலப்பு மாடுகள் வந்த பிறகு அதற்குக் கொண்டாட்டம். மெல்லிய தோல், நல்ல ரத்தம். மருந்து தெளித்தால் உண்ணி சாகும். ஆனால் மருந்து பாலிலும் இறங்கும், அடுத்த வருஷத்து உண்ணி அந்த மருந்துக்குப் பழகியும் போயிருக்கும். ஒரு மழைக்காலத்தில் யமுனை ஓரத்து மாட்டுக் கொட்டகை ஒன்றில் உண்ணி பொறுக்கப் போனேன். அது என் வேலை. சாணி நாற்றத்தில் நிற்க சயன்டிஸ்டுகள் வர மாட்டார்கள். பால்காரர் கயிற்றுக் கட்டிலை நகர்த்திக் கொடுத்தார், பின்னால் சுவர் வெடிப்பில் கை விட்டேன். செத்த உண்ணிகள் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் பச்சையாக ஒரு பொடி. குங்குமச் சிமிழில் குங்குமத்துக்குப் பதிலாகப் பச்சைப் பொடியை அடைத்து... வேண்டாம், எதற்கு உவமை. பச்சை. அவ்வளவுதான். என் ஆயுளில் அவ்வளவு அழகான எதையும் நான் பார்த்ததில்லை.

அதை நான் வளர்த்தேன். உருளைக்கிழங்குக் கூழில் சோம்பிக் கிடந்தது. ரேஷன் அரிசியில் அழுகியது. கடைசியில் கரோல் பாக்கில் நம்மவர் கடையில் புழுங்கல் அரிசி வாங்கிவந்து, வடித்து ஆற வைத்துப் பாட்டிலில் போட்டேன். ஒரே வாரத்தில் பாட்டில் முழுக்கப் பச்சைப் பட்டாய் ஏறிவிட்டது. அந்தப் பொடியை எண்ணெயில் கலந்து மாட்டின் மேல் தடவினோம். இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, சார். உண்ணியைத் தேடித் தேடி அடிக்க வேண்டாம். பொடி ஒட்டிய உண்ணி தன் காலால் நடந்து, தன் கூட்டம் பதுங்கியிருக்கிற வெடிப்புக்குத் தானே போகும். சாவைத் தானே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாம் சும்மா காத்திருந்தால் போதும்.

கொட்டகையில் உண்ணி குறைந்தது. பால்காரர் எனக்கு ஒரு லோட்டா நிறைய லஸ்ஸி கொடுத்தார். அந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த கூலி இன்றுவரை அது ஒன்றுதான்.

ஏஷியாட் போட்டிகள் முடிந்த மறு வருஷம் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சாகி வந்தது. ஆசிரியர்கள் டாக்டர் சிவஞானமும் பட்டாபியும். பட்டாபி எங்கள் பிரிவில் நிரந்தர சயன்டிஸ்ட். கொட்டகையின் திசை எது என்றுகூட அவருக்குத் தெரியாது. கட்டுரையின் கடைசியில், பொடி எழுத்தில், நன்றி சொல்கிற இடத்தில் நான் இருந்தேன். அரிசி வேக வைத்துக் கொடுத்த குமாரி பூங்கோதைக்கு நன்றி. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. அந்தக் கட்டுரையில் என் பெயர் இருந்திருந்தால் அந்த வருஷ நேர்காணலில் என்னை நிரந்தரமாக்கியிருப்பார்கள். பட்டாபிக்கு அது தேவையே இல்லை.

டாக்டர் சிவஞானத்தின் அறைக்குப் போய்க் கேட்டேன். நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"உன் பேரு இருக்கேம்மா. கடைசில பாரு" என்றார்.

"நன்றில இருக்கு சார்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை, வாஞ்சையான சிரிப்பு. "அரிசி வேக வெச்சதுக்கெல்லாம் ஆத்தர் ஆக்கினா, நாளைக்குக் கேன்டீன்காரன் வந்து நிப்பான். அடுத்த பேப்பர்ல பாக்கலாம், போ."

எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கத்தவில்லை, அழவில்லை, மேஜையில் இருந்த எதையும் தூக்கி எறியவில்லை. அடி வயிற்றில் ஒரு கங்கு விழுந்தது. அது அப்படியே கிடந்தது. சாப்பிடும்போது இருந்தது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இருந்தது, அண்ணி "இன்னும் பெர்மனென்ட் ஆகலியா?" என்று கேட்கும்போதெல்லாம் லேசாக விசிறிவிட்ட மாதிரி சிவந்தது. இந்த நிமிஷம்கூட இருக்கிறது.

செல்வியைப் பற்றி எழுத வேண்டும். பிளஸ் டூ முடித்துவிட்டு மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டெல்லியிலேயே பிறந்தவள், தமிழ் எழுத வராது, பேசினால் பாதி இந்தி. கெட்டிக்காரி. அதற்கு முந்தைய குளிர்கால லீவில் அப்பாவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து என் பின்னாலேயே சுற்றினாள். சுவரில் மாட்டியிருந்த பச்சைப் பூஞ்சையின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது நீங்க கண்டுபிடிச்சது தானே? ஃபிர் அப்பா பேர் ஏன் போட்டிருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கட்டிடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

அன்றைக்கு நாங்கள் கெட்டுப்போன பாட்டில்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில பாட்டில்களில் வேறு பூஞ்சணம் புகுந்துவிடும். கறுப்பு, மஞ்சள், சாம்பல். நம் வீட்டு ஊறுகாயிலும் பழைய ரொட்டியிலும் வருகிற ஜாதி. அவற்றை அவித்துத்தான் வெளியே கொட்ட வேண்டும். ஒரு பாட்டிலின் வாயை அடைத்திருந்த பஞ்சு விலகியிருந்தது. செல்வி அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், அவ்வளவுதான், அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடு நீலம் பூத்துவிட்டது. நான்தான் அவளை வெளியே தூக்கிக்கொண்டு போய் வெயிலில் உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா என்று அப்போதுதான் தெரிந்தது. "இந்தப் பக்கம் அவள விடாதீங்க சார், அவளுக்கு இது விஷம்" என்று நானே அவரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்மா" என்றார்.

இனி கூலர். டெல்லியில் மே மாதம் கூலர் இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். அதிகாரியின் அறைக்குப் புதுக் கூலர் வந்ததும் பழசு உபயோகமில்லை என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டு ஆபீஸ் ஜீப்பிலேயே அதிகாரி வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். யாருக்கும் இதில் கூச்சம் கிடையாது. போன மே மாதம் டாக்டர் சிவஞானத்தின் கூலருக்கும் அதுதான் நடந்தது. தண்ணீரில் நனைந்து காற்றைக் குளிர்விக்கிற அதன் வெட்டிவேர்த் தட்டியை மாற்றுகிற வேலை என்னுடையது. பியூன்கள் அவசரத்தில் கோணல்மாணலாக அடைப்பார்கள், "பூங்கோதை கட்டினா நேரா இருக்கும்" என்பார் அவர். புதுத் தட்டி கட்டும்போது, ஒதுக்கி வைத்திருந்த கெட்டுப்போன பாட்டில்களை வேருக்குள் உதறினேன். அவர் தன் அறையில் உட்கார்ந்து, என் பூஞ்சையைப் பற்றி மாநாட்டில் பேசுவதற்குத் தயார் செய்துகொண்டிருக்கும்போது நாலு நாள் இருமட்டும் என்றுதான் செய்தேன். அரசாங்கக் கூலரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் சொல்லவில்லை. அது விதிக்கு விரோதம். அதற்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்.

கூலர் போன அடுத்த வாரம் ஆர்.கே.புரத்தில் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மாநாட்டுக்கான படங்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உள் அறையில் செல்வி கூலருக்கு நேரே நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். காற்றில் அவள் நோட்டுத்தாள்கள் படபடத்தன. கொஞ்சம் இருமினாள். "ஆன்ட்டி, கஸ் வாசனை எவ்வளவு நல்லாருக்கு பாருங்க. அப்பா சொன்னாரு நீங்க கட்டினதுன்னு" என்றாள், வெட்டிவேர்த் தட்டியைக் காட்டி. அவள் அம்மா விசாலாக்ஷி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. தட்டியை எடுத்து வெளியே போடுங்கள், அவ்வளவுதான், ஒரு வரி. அப்போது பக்கத்து அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "பூங்கோதை, நீ அரிசி வடிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்மா. வெளிநாட்டுக்காரன் அதெல்லாம் ரசிப்பான். புடவை நல்லதா கட்டிக்கிட்டு வா."

நான் காப்பியைக் குடித்தேன். கூலரில் தண்ணீர் குறைந்திருந்தது. வாளியில் பிடித்து நானே ஊற்றிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நடந்தது இன்ஸ்பெக்டர் சொல்லி உங்களுக்குப் பாதி தெரியும். காய்ச்சல், இழுப்பு, ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். நான் தினமும் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனேன். புழுங்கல் அரிசிக் கஞ்சிதான். அவளுக்கு அது ஒன்றுதான் இறங்கியது. பெரிய டாக்டர் ஒருவர் வராந்தாவில் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்து, வீட்டில் பூஞ்சை பிடித்த பொருள் ஏதாவது இருக்கிறதா, எதைச் சுவாசித்தாள் என்று தெரிந்தால் வைத்தியம் செய்யச் சுலபம் என்று கேட்டார். கேட்டது பெற்றோரை. என்னை இல்லை. நான் பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

பூஞ்சை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டாக்டர் சிவஞானத்தின் முகம் சுண்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சுவரைப் பார்த்திருப்பார்கள், கூலரைப் பார்த்திருப்பார்கள், தலையணையைப் பார்த்திருப்பார்கள். இவர் தன் சட்டையைப் பார்த்தார். இருபது வருஷமாகப் பூஞ்சையோடு இருக்கிறவருக்கு உலகத்தில் பூஞ்சை என்றால் அவர் ஆய்வுக்கூடத்துப் பூஞ்சை மட்டும்தான். "நான்தான் கொண்டுவந்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். உண்ணிப் பூஞ்சைதான் காரணம் என்று டாக்டரிடம் அவரே சொன்னார். அவர்களும் விஞ்ஞானி சொல்கிறாரே என்று நம்பினார்கள்.

செல்வி கொஞ்சம் தேறினாள். வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் தன் சட்டைகளையெல்லாம் எரித்துவிட்டு, லீவு போட்டுவிட்டு, மகள் பக்கத்திலேயே இருந்தார். வெயில் தாளாது என்று அவளை அதே அறையில் படுக்க வைத்துக் கூலரை ஓயாமல் ஓட விட்டார். இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளால் பேச முடியவில்லை. நான் போயிருந்தேன். என்னைப் பார்த்துக் கையை லேசாக அசைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் போய்விட்டாள்.

இவ்வளவு நடந்தும் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். இன்றைக்குக் காலையில் அவர் ஆபீசுக்கு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, "என் பூஞ்சைதான் என் பொண்ணக் கொன்னுடுச்சு. அது இனிமே இந்த உலகத்துல இருக்கக் கூடாது" என்று சொன்னார். எல்லாரும் அழுதார்கள். பட்டாபிகூட அழுதார். உத்தரவு போட்டாகிவிட்டது.

என் பூஞ்சை என்றார் சார். அப்போதும் என் பூஞ்சை என்றுதான் சொன்னார். அது பேர் வாங்கிக் கொடுத்தபோதும் அவருடையது, அது கொலை செய்துவிட்டது என்கிறபோதும் அவருடையது. சுவர் வெடிப்பில் கையை விட்டவள் நான். அரிசி வடித்தவள் நான். தட்டி கட்டியவள் நான். இதிலாவது என் பெயர் முன்னால் வர வேண்டாமா? பழியைக்கூட அந்த மனிதர் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். வராந்தாவில் நின்று அதைக் கேட்டபோது வயிற்றில் கிடந்த கங்கு பற்றிக்கொண்டது. அங்கிருந்து நேரே இங்கே வந்தேன்.

நீங்கள் இப்போது என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதிகாரிக்கு வைத்தது தவறுதலாக மகளுக்குப் போய்விட்டது என்று எழுதுவீர்கள். அப்படி எழுதினால் அதுவும் நன்றி சொல்கிற இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும், ஏதோ நானும் கூட நின்று உதவிய மாதிரி. ஆகவே மேலே கூலரைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம் செய்கிறேன். நான் தட்டி கட்டிய அன்றைக்கு அவர் அறையில் புதுக் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கூலர் ஜீப்பில் ஏற்றுவதற்காக வராந்தாவில் நின்றது. அவர் என்னிடம் வந்து, "செல்வி ரூமுக்கும்மா. பரீட்சை முடியற வரைக்கும் அவகிட்டயே இருக்கட்டும். நல்லா நெருக்கமாக் கட்டிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் உள்ளே போய்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்தேன். நெருக்கமாகத்தான் கட்டினேன். கயிறு போட்டு ஜீப்பில் ஏற்றும்போது ஒரு பக்கம் நானும் பிடித்தேன். பொத்திப் பொத்தி நான் வளர்த்ததை அவர் எடுத்துக்கொண்டார். அவர் வளர்த்ததை நான் எடுத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கு கிடையாது.

அந்தக் கூலர் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. ஆளை அனுப்பித் தட்டியைப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், சாம்பல் இருக்கும். பச்சை இருக்காது. ஒரு துளி பச்சைகூட இருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டும். குழாய்கள் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. மின்சாரம் போனால் ஐஸ் வைக்கச் சொல்லுங்கள். பாவம், அது என்ன செய்தது? உயிரோடு இருக்கிற ஒன்றைக் கொல்ல இவர்களுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ.